கல்லும் சொல்லும்

முன்னோர் நமக்கு விட்டுச் செல்பவற்றில் நிலம், வீடு, நகை ஆகியவை இன்னவை என்று நமக்குத் தெரியும். ஆனால் சில வீடுகளில், இன்னதென்று யாருக்குமே தெரியாத ஒரு பொருள், "பாட்டன் காலத்திலிருந்து இருக்கிறது" என்ற ஒரே காரணத்திற்காகப் பட்டுத் துணியில் சுற்றிப் பத்திரமாக வைக்கப்பட்டிருக்கும். அதை எறியவும் மனம் வராது. அது என்னவென்று விசாரிக்கவும் துணிவு வராது. அறியாத ஒன்றுக்கு மரியாதை செலுத்துவது முன்னோருக்குச் செய்யும் மரியாதையாகுமா? அல்லது அது ஈமானுக்கு நேரும் சோதனையா? இந்தக் கேள்வியை நேருக்கு நேர் சந்திக்கும் வாய்ப்பு நமக்குத் திருப்பூரில் கிடைத்தது.

அந்த வீட்டில் அண்ணன், தம்பி, தங்கை என மூவர். தாயார் முன்பே காலமாகிவிட்டார். அத்தா 2010-இல் வஃபாத்தானார். அண்ணன் பனியன் கம்பெனி நடத்துகிறார். தம்பி சாயப்பட்டறை வைத்திருந்தார். தங்கை உடுமலையில் வாழ்க்கைப்பட்டவர். அத்தாவின் பீரோவில் புளியங்கொட்டையைவிடச் சற்றுப் பெரிய, முட்டை வடிவான ஒரு சிவந்த கல் இருந்தது. அதன் ஒரு பக்கம் வழுவழுப்பு. மறுபக்கம் நுணுக்கமான செதுக்கல். நன்னியின் காலத்தில், பிள்ளைகளுக்குக் காய்ச்சல் வந்தால் அந்தக் கல்லைத் தண்ணீரில் போட்டு, அந்தத் தண்ணீரைக் குடிக்கக் கொடுப்பார்களாம்.

அத்தாவின் மறைவுக்குப் பின் கல் அண்ணன் வீட்டுக்குப் போயிற்று. அடுத்த ஆண்டே, 2011 ஜனவரியில், சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவால் திருப்பூரின் சாயப்பட்டறைகள் மூடப்பட்டன. தம்பியின் பட்டறையும் மூடப்பட்டது. நொய்யலில் சாயக் கழிவு கலந்ததால் வந்த உத்தரவு அது. நூற்றுக்கணக்கான பட்டறைகளுக்கு நேர்ந்த கதி. ஆனால் தம்பியின் மனத்தில் வேறொரு காரணம் வேரூன்றிவிட்டது: "கல் அங்கே போனது, பரக்கத்தும் கூடவே போய்விட்டது." அண்ணனோ, தம் கம்பெனிக்கு ஆர்டர் வருவதே அந்தக் கல்லால்தான் என்று உள்ளூர நம்பினார். சகோதரர்கள் இருவரும் ஸலாம் சொல்லிக்கொள்வதும் நின்றது.

மாவில் பதிந்த எழுத்து

கல்லைப் பற்றி ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். அரபியும் இல்லை, உருதுவும் இல்லை, இது ஜின்களின் எழுத்து என்றார் ஒருவர். இலட்சக்கணக்கில் விலை போகும் என்று ஆசை காட்டினார் மற்றொருவர். ஓதத் தெரிந்த பெரியவர்களாலும் ஒரு எழுத்தைக்கூட வாசிக்க முடியவில்லை.

நாம் அதைக் கையில் வாங்கிப் பார்த்தபோது, எழுத்துக்கள் குழிவாகவும் வலம் இடமாகத் திரும்பியும் வெட்டப்பட்டிருப்பது தெரிந்தது. குழிவாகவும் தலைகீழாகவும் வெட்டிய கல், வாசிப்பதற்காகச் செய்யப்பட்டதல்ல, பதிப்பதற்காகச் செய்யப்பட்டது. மெழுகு கிடைக்குமா என்று கேட்டோம். அன்று பிறந்த வீட்டுக்கு வந்திருந்த தங்கை, சமையலறையிலிருந்து ஒரு உருண்டை சப்பாத்தி மாவைக் கொடுத்தனுப்பினார். கல்லை அதில் மெல்ல அழுத்தி எடுத்தோம். மாவில் எழுத்துக்கள் நேராக எழுந்து நின்றன. அந்தக் குடும்பத்து மூதாதையர் ஒருவரின் பெயர். அதற்கு மேலே "அப்துஹு", அதாவது "அவனுடைய அடிமை". கீழே ஹிஜ்ரி 1287 என்ற ஆண்டு. கிறிஸ்தவ ஆண்டுக் கணக்கில் அது 1870-71.

ஜின்னும் இல்லை, மந்திரமும் இல்லை. அது ஒரு முத்திரைக் கல். கையெழுத்துக்குப் பதிலாகவோ, கையெழுத்தோடு சேர்த்தோ, கடிதத்திலும் கடன் பத்திரத்திலும் பதிப்பதற்காக அந்தப் பெரியவர் செய்து வைத்துக்கொண்டது. இத்தகைய முத்திரைகளில் பெயரோடு "அவனுடைய அடிமை" என்று பொறிப்பது அக்காலப் பணிவின் வழக்கம்.

சற்றுச் சிந்தித்துப் பாருங்கள். தன் உரிமையாளரை அல்லாஹ்வின் அடிமை என்று சாட்சி கூறும் கல் அது. அந்தச் சாட்சியத்தை வாசிக்க அறியாத சந்ததிகள், அதே கல்லிடம் காய்ச்சலுக்கு மருந்தும் தொழிலுக்கு ஆதாயமும் எதிர்பார்த்தார்கள்! அறியாமை எவ்வளவு தூரம் கொண்டுபோய் விடுகிறது!

கல்லைப் பற்றி மார்க்கம் கூறுவது

கஃபாவிலுள்ள ஹஜருல் அஸ்வதைவிட உயர்ந்த கல் நமக்கு வேறெது? அதை முத்தமிட்ட கலீஃபா உமர் (ரலி) அவர்கள், அது தீங்கோ நன்மையோ செய்ய இயலாத ஒரு கல்தான் என்பதைத் தாம் அறிந்திருப்பதாகவும், பெருமானார் (ஸல்) அவர்கள் முத்தமிட்டதைக் கண்டிராவிட்டால் தாமும் முத்தமிட்டிருக்கப் போவதில்லை என்றும் மக்கள் கேட்கச் சொன்னதாக ஸஹீஹுல் புகாரியில் பதிவாகியிருக்கிறது. அந்தக் கல்லுக்கே இதுதான் சட்டமென்றால், பீரோவில் கிடக்கும் கல்லுக்கு என்ன தனிச் சட்டம் இருக்க முடியும்?

"அகீக் கல்லில் மோதிரம் அணிந்தால் வறுமை நீங்கும் என்று ஹதீஸ் உண்டே?" என்று சிலர் கேட்கக்கூடும். அகீக்கின் சிறப்பைப் பற்றிச் சொல்லப்படும் அத்தகைய அறிவிப்புகளை ஹதீஸ் கலை அறிஞர்கள் ஆதாரமானவையாக ஏற்கவில்லை. அழகுக்காக மோதிரத்தில் அகீக் பதிப்பது வேறு. அது ரிஸ்க்கைக் கொண்டு வரும் என்று நம்புவது வேறு. ரிஸ்க் அளிப்பவன் அல்லாஹ் ஒருவனே.

செதுக்கிய முத்திரை ஒன்று கைமாறி வந்த வரலாறு நம் மார்க்கத்திலும் உண்டு. வெளிநாட்டு மன்னர்களுக்குக் கடிதம் எழுத நாயகம் (ஸல்) அவர்கள் நாடியபோது, முத்திரையில்லாத கடிதத்தை அவர்கள் வாசிக்க மாட்டார்கள் என்று சொல்லப்பட்டது. எனவே வெள்ளியில் ஒரு மோதிரம் செய்யப்பட்டு, "முஹம்மத்", "ரஸூல்", "அல்லாஹ்" என்று மூன்று வரிகளாகப் பொறிக்கப்பட்டது. அதன் குமிழும் வெள்ளியே என்று ஓர் அறிவிப்பும், அபிசீனியக் கல் என்று மற்றோர் அறிவிப்பும் உள்ளன. அந்த மோதிரம் அபூபக்ர் (ரலி), உமர் (ரலி), உஸ்மான் (ரலி) என்று கைமாறி வந்து, உஸ்மான் (ரலி) அவர்களின் காலத்தில் மதீனாவின் அரீஸ் கிணற்றில் விழுந்துவிட்டது. மூன்று நாட்கள் தேடினார்கள்; கிணற்றை இறைத்தும் பார்த்தார்கள்; கிடைக்கவில்லை.

உலகிலேயே மிகக் கண்ணியமான முத்திரை தொலைந்தது. ஆனால் அந்த முத்திரை எந்தச் சொல்லுக்குச் சாட்சியாக இருந்ததோ, அந்தச் சொல் தொலையவில்லை. ஸஹாபிகள் மோதிரத்தை இழந்தார்கள், தூதைக் காத்தார்கள். நாமோ பல வீடுகளில் கல்லைக் காத்து, சொல்லை இழந்து நிற்கிறோம்.

கொங்கு மண்ணின் கற்கள்

இந்தப் பகுதி கற்களுக்குப் பெயர் பெற்றது. திருப்பூரைக் கடந்து நொய்யல் ஓடும் வழியில், ஈரோடு மாவட்டத்திலுள்ள கொடுமணலில் 1985 முதல் தமிழ்ப் பல்கலைக்கழகம் அகழாய்வு செய்தது. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அங்கு மணிகள் அறுத்துத் துளையிடும் தொழில் செழித்திருந்ததும், காங்கேயத்தை அடுத்த படியூரின் பெரில் கற்கள் அங்கே மெருகேறியதும் வெளிப்பட்டன. அகீக் வகையைச் சேர்ந்த சூதுபவளமும் ஏராளமாகக் கிடைத்தது. அங்கு வாழ்ந்தவர்கள் தங்கள் மண்பாண்டங்களில் பெயரைக் கீறி வைத்திருக்கிறார்கள். கரூரில் அமராவதி ஆற்றுப் படுகையில் பெயர் பொறித்த முத்திரை மோதிரங்கள் கிடைத்திருக்கின்றன. "இது என்னுடையது, இது என் சொல்" என்று கல்லிலும் உலோகத்திலும் பொறித்து வைப்பது மனித இயல்பு. அதில் மர்மம் ஏதுமில்லை.

மர்மம் போல் தோன்றினால் அறிந்தவர்களிடம் கேட்க வேண்டும். அறியாதவர்கள் அறிந்தோரிடம் கேளுங்கள் என்பது திருமறையின் கட்டளை (16:43). மயிலாடுதுறையை அடுத்த செம்பியன் கண்டியூரில், ஓர் ஆசிரியர் தம் தோட்டத்தில் குழி வெட்டியபோது குறிகள் கீறிய கற்கோடரி ஒன்று கிடைத்தது. அவர் அதற்குப் பூசையும் போடவில்லை, விலையும் பேசவில்லை. தொல்லியல் துறைக்குச் சேர்ப்பித்தார். அதிலுள்ளவை சிந்துவெளி எழுத்துக்கள் என்று 2006-இல் அறிஞர் ஐராவதம் மகாதேவன் கருத்துரைத்தார். அதை மறுப்போரும் உண்டு. ஆயினும் கல் அறிவின் சபைக்கு வந்து சேர்ந்தது, அதுவே முறை.

இத்தகைய பொருள் வைத்திருப்போர் அதை அமிலத்தில் கழுவவோ, ஊசியால் சுரண்டவோ, எண்ணெய் பூசவோ கூடாது. பக்கவாட்டில் விளக்கு வைத்துப் படம் எடுத்தாலே எழுத்து துலங்கும். அரபி, பார்சி எழுத்தானால், அவற்றை ஆராய்வதற்கென்றே இந்தியத் தொல்லியல் துறையின் கல்வெட்டுப் பிரிவு நாக்பூரில் இயங்குகிறது. நூறாண்டு கடந்த கலைப்பொருளை நினைத்தபடி விற்பதற்கும் வெளிநாடு அனுப்புவதற்கும் 1972-ஆம் ஆண்டுச் சட்டம் தடை விதித்திருக்கிறது. ஆசை காட்டும் தரகர்கள் இதைச் சொல்வதில்லை.

உண்மையான வாரிசுரிமை

மாவில் பெயர் தெரிந்ததும் அண்ணன் நெடுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "அப்போ இந்தக் கல்லுல ஒண்ணும் இல்லையா?" என்று கேட்டார். நாம் பதில் சொல்லும் முன், கதவோரம் நின்றிருந்த தங்கை சொன்னார்: "இத்தனை வருஷமா கல்லு யாருக்குன்னுதானே சண்டை போட்டீங்க, அண்ணே. அத்தா சொத்துல எனக்கு என்ன பங்குன்னு ஒருத்தரும் கேக்கலையே."

அந்தக் கூடத்தில் அதற்கு மேல் யாரும் வாய் திறக்கவில்லை.

இறந்தவரின் கடனும் மரண சாசனமும் நிறைவேறிய பிறகு சொத்தைப் பங்கிட வேண்டும் என்றும், ஆணுக்கு இரண்டு பெண்களின் பங்கு என்றும் திருமறை கணக்கிட்டுக் கூறுகிறது (4:11). தாயார் முந்திவிட்ட அந்த வீட்டில், இரண்டு ஆண்களுக்கும் ஒரு பெண்ணுக்கும் ஐந்து பங்குகள். தங்கைக்கு ஐந்தில் ஒன்று. அல்லாஹ் விதித்த அந்தப் பங்கு ஆண்டுக்கணக்கில் கொடுபடாமல் கிடந்தது. அல்லாஹ் ஆற்றல் எதுவும் வைக்காத ஒரு கல்லுக்காக, மூன்று நாட்களுக்கு மேல் நீடிக்கக்கூடாத பிணக்கு ஆண்டுக்கணக்கில் நீண்டது. பரக்கத் போனது கல் இடம் மாறியதாலா, பங்கு கொடுபடாததாலா என்பதை அவர்களே எண்ணிப் பார்க்கட்டும் என்று விட்டுவிட்டோம்.

அந்தக் கல்லும் அத்தாவின் சொத்தில் சேர்ந்ததே. அதை உடைத்துப் பிரிக்க முடியாது. மூவரும் மனமொத்து ஒருவரிடம் வைத்துக்கொள்ளலாம். அல்லது மதிப்பிட்டு, வைத்துக்கொள்பவர் மற்றவர்களுக்கு ஈடு செய்யலாம். ஆனால் அதைப் பதித்த பெரியவரின் சொல் மூவருக்கும் முழுமையாகவே சேர்ந்தது. முத்திரை பதித்தால் சொன்ன தேதியில் பணம் வந்து சேரும் என்று நாலு பேர் நம்பியிருப்பார்கள். இன்று திருப்பூரில் அந்த முத்திரையின் இடத்தில் செக்கும் டெலிவரி சலானும் வாய்ச்சொல்லும் இருக்கின்றன. தையல் கூலியைச் சனிக்கிழமை தருவதாகச் சொன்னால் சனிக்கிழமை தருவது, செக் திரும்பாமல் காப்பது, உடன்பிறந்தாளின் பங்கை அவள் கேட்கும் முன் கொடுப்பது ஆகியவையே அந்தக் கல்லுக்குச் செய்யும் உண்மையான மரியாதை.

நாம் விடைபெறும்போது, பங்கு பேசுவதற்கு ஒரு ஆலிமை வைத்து நாள் குறித்திருந்தார்கள். அண்ணனுக்குத் தம்பி ஸலாம் சொன்னதையும் கேட்டோம். அல்ஹம்து லில்லாஹ்!

முன்னோரின் பொருளைக் காப்பதைவிட அவர்களின் வாக்கைக் காக்கும் சந்ததிகளாகவும், "அவனுடைய அடிமை" என்ற பெயருக்குத் தகுதியானவர்களாகவும் நம் அனைவரையும் வல்ல ரஹ்மான் ஆக்கி அருள்வானாக! ஆமீன்.