விலக்கப்பட்ட பொருளின் கைத்திறன்

ஒரு பொருள் தீயதென்று கொள்ளப்படுமிடத்து அதனை ஆக்குவோனின் கைத்திறனும் தீயதாகிவிடுமா? இவ்வினா ஏட்டளவில் எழுவது போலத் தோன்றலாம். ஆயினும் கல்முனைக்குடி போன்றதோர் ஊரில் அது சமையலறை வரை வந்து நிற்கின்றது. மதுவை விலக்கி வாழும் அவ்வூர் இல்லங்களில் அச்சாறு போடுவதற்கு வினாகிரி வேண்டும். இலங்கையில் இயற்கை வினாகிரி பெரிதும் தென்னங்கள் புளித்து உண்டாவது. அதே கள் வாலையில் ஏற்றப்பட்டால் சாராயமாகின்றது. ஒரே பாளையின் நீர், ஒரு வழியில் உணவுத் தட்டத்துக்கும் மறுவழியில் விலக்கப்பட்டவற்றின் பட்டியலுக்கும் போய்ச் சேர்கின்றது.

சாராயத் தொழிலின் நேர்த்தியை அறிய வேண்டுவோர் தென்மேற்குக் கரைக்குச் செல்லுதல் வேண்டும். களுத்துறை, மக்கொன, பேருவளைப் பகுதிகளில் தென்னந்தோப்புக்களின் உச்சியில் கயிற்றுப் பாதைகள் ஓடுகின்றன. சீவற் தொழிலாளி மரத்துக்கு மரம் ஏறி இறங்குவதில்லை. ஒரு கயிற்றிற் கால்வைத்து, மேலுள்ள மற்றொன்றைக் கையாற் பற்றி, வட்டுக்கு வட்டு நடந்து செல்கின்றான். விரியாத பாளையை இறுகக் கட்டி, நாள்தோறும் மெல்லத் தட்டிப் பதப்படுத்தி, நுனியைச் சீவி, முட்டி பொருத்துகின்றான். எத்துணை விசையோடு தட்டுவது என்பதைக் கையே அறியும். அதனை நூல்வழிக் கற்பித்தல் அரிது. வடியும் நீரில் மதுவங்கள் அப்போதே வேலையைத் தொடங்கிவிடுகின்றன. மதுசாரம் நூற்றுக்கு ஐந்தாறு வீதத்தை அடையும் தறுவாயிற் கள் வடிசாலைக்குப் போய்விட வேண்டும். தாமதித்தால் அசற்றிக்கமிலம் மிகுந்து வினாகிரியின் வழியிற் சென்றுவிடும். வாலையிலிருந்து முதலில் வருவதையும் இறுதியில் வருவதையும் ஒதுக்கி, நடுப்பகுதியைப் பிரித்தெடுப்பதிலேயே வடிப்போனின் புலமை தங்கியுள்ளது. பின்னர் ஹல்மில்ல எனப்படும் சவண்டலை மரப் பீப்பாய்களில் அது ஆண்டுக்கணக்கில் முதிர்கின்றது. இத்துணை பொறுமையும் அளவறிதலும் வேறெந்தத் தொழிலில் இருப்பினும் தயக்கமின்றிப் புகழப்படும்.

உலகப் புகழ் பெற்ற இன்னொரு தீவு வடிசாலையையும் இங்கு நோக்கலாம். ஸ்கொத்லாந்தின் ஸ்கை தீவிலுள்ள தலிஸ்கர், 1830இல் மக்காஸ்கில் சகோதரர் இருவரால் நிறுவப்பட்டது. முளைகட்டி முற்றா நிலக்கரிப் புகையில் உலர்த்தப்பட்ட வாற்கோதுமையை நொதிக்கவைத்து, செப்பு வாலைகளில் வடித்து, ஓக் மரப் பீப்பாய்களில் முதிரவைப்பது அங்குள்ள முறை. 1960இல் அங்கு பெருந்தீ மூண்டு வாலைகள் அழிந்தன. புதிய வாலைகள் பழையவற்றின் வடிவத்தை அச்சொட்டாகப் பின்பற்றியே செய்யப்பட்டன. குழாயின் ஒரு வளைவு மாறினாலும் சுவை மாறும் என்பது அவர்தம் அச்சம். ஆனால் அவ்வடிசாலையைத் தொடங்கியவர்களே செம்மறியாட்டு மேய்ச்சலுக்காகக் குடியானவர்களை நிலத்திலிருந்து வெளியேற்றியவர்கள் என்பதையும் அத்தீவின் வரலாறு கூறுகின்றது. குழாயின் வளைவுக்குக் கிடைத்த அக்கறை அக்குடியானவரின் அடுப்புகளுக்குக் கிடைக்கவில்லை.

கைத்திறன் பற்றிய வினாவுக்கு எளிய விடைகள் இரண்டு உள. மது விலக்கப்பட்டது, ஆகவே அதனைச் சார்ந்த யாதொன்றிலும் நன்மையில்லை என்பது ஒன்று. வடித்தல் ஒரு கலை, கலைக்கு ஒழுக்கவியலோடு தொடர்பில்லை என்பது மற்றையது. முன்னைய விடையை மார்க்கப்பற்றின் விடையெனப் பலர் கருதுகின்றனர். ஆனால் திருக்குர்ஆனின் இரண்டாம் அத்தியாயத்து 219ஆம் வசனம், மதுவிலும் சூதிலும் மனிதர்க்குச் சில பயன்கள் உள்ளன என்பதை ஒப்புக்கொண்ட பின்னரே, அவற்றின் பாவம் பயனிலும் பெரிது என்று தீர்ப்புரைக்கின்றது. விலக்குவதற்கு முன் பயனை மறைக்க வேண்டிய தேவை அங்கு எழவில்லை. ‘அல்கஹோல்’ என்ற சொல்லே ‘அல்-குஹ்ல்’ என்னும் அறபுச் சொல்லின் வழிவந்தது. கண்ணுக்கிடும் சுர்மாவே அது. ஒன்பதாம் நூற்றாண்டின் அல்-கிந்தி வாசனைத் திரவியங்களை வடிக்கும் முறைகளை விரித்தெழுதினார். பள்ளிவாசலிற் பன்னீர் தெளிக்கப்படுவதும் வைத்தியசாலையில் ஊசி ஏற்றுமுன் மதுசாரம் தடவப்படுவதும் வாலையின் கொடைகளே.

இரண்டாவது விடையும் நிலைக்காது. கைவினைப் பொருளின் சிறப்பு அப்பொருளிலேயே உளது என்றும், அறச்செயலுக்கோ செய்பவனின் அறிவும் தெரிவும் உறுதியான குணமும் வேண்டும் என்றும் அரிஸ்ரோட்டில் வேறுபடுத்தினார். இவ்வேறுபாடு இங்குப் பெரிதும் உதவுகின்றது. நல்ல சாராயம் என்று கூறும்போது பொருளின் தரமே கூறப்படுகின்றது. அது நன்மை பயக்கும் என்பது கூறப்படவில்லை. அலஸ்டெயர் மக்கின்ரயர் 1981இல் வெளியிட்ட நூலில், ஒவ்வொரு பயில்தொழிலுக்கும் அதனுள்ளிருந்தே பெறத்தக்க நன்மைகள் உண்டென வாதிட்டார். ஆயினும் தீய பயில்தொழில்களும் இருக்கக்கூடும் என்பதை அவரே மறுக்கவில்லை. அநீதியான போரிலும் ஒரு வீரன் அஞ்சாது நிற்கலாம். அவனது அஞ்சாமை மெய்யானதே. போர் அதனால் நீதியானதாகிவிடாது. சீவுபவனின் பொறுமையும் வடிப்போனின் நேர்மையும் அவர்களிடத்தே தங்கும் நன்மைகள். அவை போத்தலினுள் அடைபட்டுக் குடிப்பவனிடம் போய்ச் சேர்வதில்லை. குடிப்பவனின் மனைவியிடம் போய்ச் சேர்வதுமில்லை.

கைத்திறனின் பெயரால் வரும் புகழும் செல்வமும் எவரைச் சேர்ந்தன என்பதையும் கேட்டல் வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டிற் பிரித்தானிய அரசு சாராயம் விற்கும் உரிமையை ஏலத்தில் குத்தகைக்கு விட்டது. அக்குத்தகையாற் பெருஞ்செல்வர் வகுப்பொன்று தோன்றியதைக் குமாரி ஜயவர்த்தன 2000இல் வெளியிட்ட நூலில் விரிவாக ஆராய்ந்துள்ளார். 1912இல் மதுவரிச் சட்டத்தை எதிர்த்து மதுவொழிப்பு இயக்கம் வலுப்பெற்றது. 1974இல் அரச வடிசாலைக் கூட்டுத்தாபனம் அமைந்தது. 1992இல் அது தனியார் வசமாயிற்று. உரிமையாளர் மாறினர். கயிற்றில் நடந்தவன் நடந்துகொண்டே இருந்தான். அவனுக்குப் புகழுக்குப் பதில் சாதியின் பெயரால் இழிவே வழங்கப்பட்டது. மதுவை வெறுத்தோரும் விரும்பிக் குடித்தோரும் அதில் ஒன்றுபட்டனர் என்பது வியப்புக்குரியது.

கல்முனைக்குடிக்குள்ள இடர்ப்பாடு இவ்விடத்திலேதான் தொடங்குகின்றது. மதுவின் தொடர்பிற் பத்துப்பேர் சபிக்கப்பட்டனர் எனும் நபிமொழியிற் பிழிபவரும் சுமப்பவரும் மட்டுமல்ல, அதன் விலையை உண்பவரும் உள்ளனர். மதுவரி திறைசேரிக்குச் செல்கின்றது. திறைசேரியிலிருந்தே ஆசிரியரின் சம்பளமும் வைத்தியசாலையின் மருந்தும் வருகின்றன. குடியாத ஊரும் அப்பணத்தினின்று முற்றாக விலகி நிற்றல் இயலாது. இதனால் விலக்கு பொருளற்றதாகிவிடும் என்பதன்று. தன் கை தூயது என்ற எண்ணத்தோடு மரத்தின்மேல் நிற்பவனை இகழ்வதற்கு அவ்விலக்கு உரிமை தரவில்லை என்பதே கருத்து. சட்ட அறிஞர் நுணுக்கமாகவே சிந்தித்தனர். ஷாபிஈ வழியில் மது தானாகவே வினாகிரியாக மாறினால் அது தூய்மையானது. எதையேனும் சேர்த்து மாற்றினால் அவ்வாறன்று. ஹனபி வழியில் வேண்டுமென்றே மாற்றுதலும் ஏற்கப்படும். பொருள் ஒன்றின் தன்மை மாறும்போது தீர்ப்பும் மாறும் என்பதை இரு சாராரும் கொண்டனர். ஆக்குவோனைப் பற்றிய மதிப்பீட்டுக்கும் இத்துணை நுணுக்கம் வேண்டாமா?

இன்று தென்மேற்குக் கரையிற் கயிற்றில் நடப்போர் தொகை குறைந்து வருகின்றது. அவர்தம் பிள்ளைகள் வேறு தொழில்களை நாடுகின்றனர். ஒப்பற்ற கைத்திறன் அழிகின்றதே என வடிசாலைக்காரர் கவலைப்படுகின்றனர். ஆனால் தவறி விழுந்தால் உயிர் போகும் உயரத்திலிருந்து தன் மகன் இறங்கிவிட்டான் என்பதை இழப்பென்று கொள்ளும் தந்தை அத்தோப்புக்களில் எத்தனை பேர் இருப்பர்?