சுத்தம் என்று எதைச் சொல்கிறோம்?

திருவனந்தபுரம் பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டுச் சாலைக் கடைத்தெருவுக்கு நகை வாங்கப் போகிறவர்கள் தேடுவது 916 முத்திரையை. ஆயிரத்தில் 916 பங்கு தங்கம் என்று அர்த்தம். ஒரு பவுனில் சுமார் 0.67 கிராம் செம்பு, வெள்ளி போன்றவைதான். அதை யாரும் குறையாக நினைப்பதில்லை. அந்தக் கலப்பு இல்லாவிட்டால் நகை உழைக்காது.

கலப்பே இல்லாத தங்கம் உண்டா?

மும்பை அரசு நாணயச்சாலை, பாபா அணு ஆராய்ச்சி மையம், தேசிய இயற்பியல் ஆய்வகம் ஆகியவை கைகோத்து உருவாக்கிய இந்தியாவின் முதல் தங்க ஒப்பீட்டுப் பொருள் பி.என்.டி. 4201. அதன் தரம் 9999. அதிலும் கிலோவுக்கு 100 மில்லிகிராம் அளவுக்குப் பிற தனிமங்களுக்கு இடம் உண்டு.

சுத்தத்தை நேராக அளக்க மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டராலும் முடியாது. இரும்பு, ஈயம், வெள்ளி என்று ஒவ்வொன்றின் அணுக்களையும் நிறைவாரியாகப் பிரித்து எண்ணத்தான் அதற்குத் தெரியும். கண்ட அழுக்கையெல்லாம் கூட்டி நூறிலிருந்து கழித்தால் மிஞ்சுவது சுத்தம். ‘இல்லை’ என்று அது சொன்னாலும், அதன் எல்லைக்குள் தென்படவில்லை என்பதே பொருள். தங்கமோ பிளாட்டினமோ தூளாக வந்தால் வேலை இன்னும் கடினம். தூளுக்குப் பரப்பு அதிகம். காற்றிலுள்ள ஈரமும் ஆக்சிஜனும் ஒட்டிக்கொள்ளும். ராஜ திராவகத்தில் கரைத்தாலோ, அந்த அமிலத்திலேயே துளி இரும்பும் சோடியமும் இருக்கும். அதனால் ஆய்வாளர் முதலில் தங்கம் சேர்க்காத வெறும் அமிலத்தைக் கருவியில் விடுகிறார். ஆய்வகத்தில் அதற்கு ‘பிளாங்க்’ என்று பெயர். தன் அமிலமும் பாத்திரமும் கையும் கொண்டுவந்த அழுக்கு எவ்வளவு என்று தெரிந்த பிறகே தங்கத்தின் கணக்கு.

மனிதரைச் சுத்தம், தீட்டு என்று பிரித்தவர்கள் இந்த முதல் சோதனையைத் தங்களுக்குச் செய்துகொள்ளவே இல்லை. பழவங்காடியிலிருந்து சில நிமிட நடையில் இருக்கும் பத்மநாபசுவாமி கோயிலுக்குள், பிறந்த சாதியைக் காரணம் காட்டிப் பலரை விடாமல் தடுத்தார்கள். 1936 நவம்பர் 12 அன்று சித்திரைத் திருநாள் மகாராஜா வெளியிட்ட ஆலயப் பிரவேசப் பிரகடனம்தான் இந்துக்கள் அனைவருக்கும் அந்த வாசலைத் திறந்தது.

சைவ சித்தாந்தம் இதில் தெளிவாகப் பேசுகிறது. செம்பில் களிம்பு போல ஆணவ மலம் உயிரை அநாதியாகவே பற்றியிருக்கிறது. எந்த உயிருக்கும் விலக்கு இல்லை. இதை ஏற்றுக்கொண்டவர் ஒரு குலத்தைப் பிறப்பிலேயே தூயது என்று சொல்ல முடியாது. கோயில் வாசலில் இன்னும் தீட்டுப் பேசுகிறவர்கள், அடுத்தவரைச் சோதிக்கும் முன் தங்கள் ‘பிளாங்க்’ கணக்கை எழுதி வைக்கட்டும்.