பசிக்காத மீனுக்கு இறக்கும் தூண்டில்

கதாகாலட்சேபங்களில் தவறாமல் வரும் உதாரணம் ஒன்று உண்டு. ஓசையால் மான் கெடுகிறது, தொடுகையால் யானை, ஒளியால் விட்டில், மணத்தால் வண்டு, சுவையால் மீன். ஒரே ஒரு புலன் இழுத்ததற்கே இந்தக் கதி என்றால், ஐந்தும் சேர்ந்து இழுக்கிற மனிதனின் கதி என்ன என்று பாகவதர் கேட்பார், சபை தலையாட்டும். நாகப்பட்டினம் நீலாயதாட்சி கோயில் மண்டபத்தில் அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்து நானும் தலையாட்டியிருக்கிறேன். அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்துக்குக் குடிவந்து, உறைந்த ஏரியின் மேல் உட்கார்ந்து வொயிட் பெர்ச் பிடிக்கப் பழகிய பிறகு, அந்த ஐந்தில் மீனைப் பற்றிச் சொன்னது மட்டும் எனக்கு ஒப்பவில்லை. மீன் நாக்கால் கெடுகிறது என்பது தூண்டில்காரனுக்கு வசதியான வியாக்கியானம்.

வொயிட் பெர்ச் அட்லாண்டிக் கரையோரத்து மீன். உப்பங்கழியிலும் வாழும், நன்னீர் ஏரியிலும் வாழும். வெள்ளி உடம்பு, முதுகில் முள் வரிசை. பார்வைக்குச் சின்னக் கொடுவா போல இருக்கும். கூட்டமாகத்தான் திரியும். கோடையில் இதைப் போலத் தீனிக்கார மீன் கிடையாது. 1950 வாக்கில் ஒன்டாரியோ ஏரிக்குள் புகுந்த இந்த இனம், பெரிய ஏரிகளில் மற்ற மீன்களின் முட்டைகளை மேய்ந்து கெட்ட பேர் வாங்கியிருக்கிறது. அதே மீன் ஜனவரி, பிப்ரவரியில் பனிக்கட்டிக்கு அடியில் வேறு பிறவி எடுத்தது போல இருக்கும். இரையை மூக்குக்கு நேரே நீட்டினாலும் வாய் வைக்காது.

காரணம் குளிர்தான். நீர் 4 டிகிரியில்தான் மிகக் கனமாக இருக்கும். அந்த நீர் அடியில் தங்க, அதைவிடக் குளிர்ந்தது மேலே வந்து உறைகிறது. மீனுக்குச் சொந்தமாக உடற்சூடு கிடையாது, சுற்றியுள்ள நீரின் சூடுதான் அதன் சூடு. 4 டிகிரியில் செரிமானம் ஊர்ந்துதான் நடக்கும். கோடையில் ஒரே நாளில் கரைந்துபோகிற இரை குளிர்காலத்தில் பல நாள் வயிற்றில் கிடக்கும். ஆக, என் தூண்டிலுக்குக் கீழே நிற்கிற மீன் பெரும்பாலும் பசித்த மீன் அல்ல.

இது எனக்கு எப்படித் தெரிகிறது என்றால், கண்ணால் பார்க்கிறேன். வின்னிபசாக்கி 44,000 ஏக்கருக்கு மேல் விரிந்த ஏரி. மெரிடித் பக்கத்து விரிகுடா உறைந்ததும், பக்கத்து வீட்டுப் பெரியவர் தன் பாப் ஹவுஸை, அதாவது சறுக்குக் கட்டைமேல் வைத்த மரக் குடிசையை, பனிக்கட்டி மேல் இழுத்துக்கொண்டுபோய் நிறுத்துவார். ஓய்வுபெற்ற தச்சர், குடிசை அவர் கைவேலை. உள்ளே ஒரு சின்ன அடுப்பு, எதிரெதிரே இரண்டு பெட்டிகள், தரையில் இரண்டு துளைகள். துளைக்குப் பக்கத்தில் வெக்ஸிலர் என்கிற வட்ட முகச் சோனார். அந்த வட்டத்தில் ஏரியின் தரை பட்டையான சிவப்புக் கோடாகவும், என் தூண்டில் மெல்லிய பச்சைக் கோடாகவும் தெரியும். மீன் வந்தால் நடுவே இன்னொரு கோடு முளைக்கும். ஓரத்தில் இருக்கும்போது பச்சை, நெருங்கினால் ஆரஞ்சு, நேர் கீழே வந்துவிட்டால் சிவப்பு.

அந்தச் சிவப்புக் கோடு தரையிலிருந்து எழும்பி வரும். தூண்டிலுக்கு ஒரு சாண் கீழே நின்றுவிடும். நான் கோலை லேசாக அசைத்தால் ஒரு விரற்கடை ஏறும். கொஞ்சம் கூடுதலாக அசைத்தால் அப்படியே இறங்கிப் போய்விடும். மறுபடி வரும், நிற்கும், போகும். இப்படிப்பட்ட மீனுக்காகத்தான் பனித்தூண்டில்காரர்கள் தங்கள் சாமர்த்தியம் முழுவதையும் சேர்த்து வைத்திருக்கிறார்கள். 4 பவுண்டு தூண்டில் நரம்பைக் கழற்றிவிட்டு 2 பவுண்டு நரம்பு கட்டுவது. உளுந்து அளவுக்கு ஒரு டங்ஸ்டன் தூண்டில், அதன் முனையில் ஒரே ஒரு ஈப்புழு. தூண்டிலைத் தரையில் தட்டிச் சேற்றைக் கிளப்பி, புழு பூச்சி ஏதோ நெளிகிறது என்று மீனை நம்பவைப்பது. அது பார்த்துக்கொண்டிருக்கும்போதே இரையை மெதுவாக மேலே தூக்கி, தப்பி ஓடுகிற பாவனை காட்டுவது. கடைசி உபாயம், கை அசையாமல் அப்படியே பிடித்திருப்பது. கோல் நுனியில் முடிகனத்துக்கு ஒரு சுருள் கம்பி பொருத்தியிருக்கும். வொயிட் பெர்ச் பல சமயம் இரையைக் கவ்வியபடியே மேலே எழும்பும்; அப்போது வளைந்திருந்த கம்பி நிமிரும். இழுப்பே தெரியாது, கனம் குறைந்தது மட்டும் தெரியும். அந்தக் கணத்தில் கோலைச் சொடுக்க வேண்டும்.

இவ்வளவு நேரம் நின்று, விலகி, திரும்பி வந்து பார்த்த மீனைச் சுவைக்கு அடிமை என்று எப்படிச் சொல்வது? மீனுக்குக் கை கிடையாது. புதிதாக ஒன்றைக் கண்டால் நாம் விரலால் தொட்டுப் பார்ப்போம். மீன் வாயால்தான் தொட முடியும். வாயை விரித்து நீரோடு சேர்த்து உள்ளே இழுக்கும், வேண்டாததென்றால் கண்ணிமைக்கும் நேரத்தில் துப்பிவிடும். இந்த இரண்டுக்கும் இடைப்பட்ட நேரத்தில்தான் நாம் முள்ளை ஏற்றுகிறோம். பசியாறிக் கிடந்த உயிரிடம் இது என்ன என்று ஒரு சின்னக் கேள்வியை எழுப்பி, அந்தக் கேள்வியிலேயே அதைப் பிடிக்கிறோம். இங்கே ஆசை என்று ஒன்று இருந்தால் அது கோலுக்கு மேலே இருக்கிறது. பாகவதர் உதாரணத்தில் ஆசையும் மீனுடையது, தண்டனையும் மீனுடையது. தூண்டில் போட்டவன் கதைக்குள்ளேயே வரவில்லை. அவனைக் கதைக்குள் கொண்டுவர வேண்டும் என்பதே என் கட்சி.

கொண்டுவந்தால் முதலில் கேட்க வேண்டியது, மீனுக்கு வலிக்குமா என்பது. லின் ஸ்னெடன் என்ற உயிரியலாளரும் அவருடைய கூட்டாளிகளும் 2003இல் வெளியிட்ட ஆய்வு இதில் பெரிய விவாதத்தைக் கிளப்பியது. டிரவுட் மீனின் முகத்தில் 58 ஏற்பிகளைச் சோதித்ததில் 22 ஏற்பிகள் ஊறு உணர்பவை என்று கண்டார்கள். உதட்டில் அசிட்டிக் அமிலம் ஏற்றிய மீன்கள் உதட்டைச் சரளைக் கல்லில் தேய்த்தன, நெடுநேரம் இரையைத் தொடவில்லை. மீனின் மூளையில் நம்முடையதைப் போன்ற புறணி இல்லை, எனவே நாம் வலி என்று சொல்வது அதற்கு இருக்க முடியாது என்று ஜேம்ஸ் ரோஸ் 2002இலேயே வாதிட்டிருந்தார். வழக்கு இன்னும் தீரவில்லை. எனக்குத் தீர்ப்பு வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. சந்தேகத்தின் பலனை யாருக்குக் கொடுப்பது என்றால் கையில் கோல் இருக்கிறவனுக்குக் கொடுக்கக் கூடாது.

பக்கத்து வீட்டுப் பெரியவருக்கும் எனக்கும் ஓயாத வழக்கு ஒன்று உண்டு. அவர் பக்திமான், ஞாயிறு தவறாமல் தேவாலயம் போகிறவர். உயிர்த்தெழுந்த இயேசு சீடர்கள் கொடுத்த சுட்ட மீனை வாங்கி உண்டார் என்று லூக்கா எழுதியிருக்கிறார், அப்படியிருக்க மீன் பிடிப்பதில் என்ன பாவம் என்பார். அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் சோள மாவில் புரட்டிப் பொரிக்கத் தேவையான மீன் வாளியில் விழுந்த பிறகும் அவர் எழுந்திருக்க மாட்டார். வெளிச்சம் மங்குகிற நேரத்தில் பெர்ச் கூட்டம் சுறுசுறுப்பாகும். அப்போது ஒவ்வொன்றாகப் பிடித்து, முள்ளைக் கழற்றி, துளைக்குள் திருப்பி விடுவார். கொல்லவில்லை, விட்டுவிடுகிறேன், இதில் யாருக்கு என்ன நஷ்டம் என்பது அவர் வாதம். இந்த வாதத்தைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

நாங்கள் போடுவது 40 அடி ஆழத்தில். நீருக்குள் ஒவ்வொரு 10 மீட்டருக்கும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. அந்த ஆழத்து மீனை மேலே கொண்டுவந்தால் அதன் காற்றுப்பையில் உள்ள வாயு இரண்டு மடங்குக்கு மேல் உப்பும். சில மீன்களுக்கு அந்தக் காற்றை வாய் வழியே வெளியேற்றக் குழாய் உண்டு. வொயிட் பெர்ச் போன்றவற்றுக்குக் கிடையாது. கண் பிதுங்கும், சில நேரம் இரைப்பையே வாய் வழியாக வெளியே தள்ளிக்கொண்டு வரும். துளையில் விட்டால் தலைகீழாகத் திரும்பி, மேலும் இறங்க முடியாமல், பனிக்கட்டியின் அடிப்பக்கத்தில் முட்டிக்கொண்டு கிடக்கும். ஒருநாள் அப்படி ஒரு மீன் என் துளை விளிம்பில் ஒட்டிக்கொண்டு செவுளை மட்டும் அசைத்தபடி கிடந்ததைப் பார்த்தேன். அதைத் திரும்ப எடுத்து வாளியில் போட்டேன். விட்டுவிட்டேன் என்று சொல்வதைவிட அதுதான் நேர்மை. சுவிட்சர்லாந்தில் திருப்பி விடும் நோக்கத்தோடு தூண்டில் போடுவதையே 2008ஆம் ஆண்டு விலங்குப் பாதுகாப்புச் சட்ட விதிகள் தடை செய்துவிட்டன. முதலில் படித்தபோது விசித்திரமாக இருந்தது. துளை விளிம்பில் கிடந்த அந்த மீனைப் பார்த்த பிறகு சட்டத்தின் நியாயம் விளங்கியது.

மீனைத் திருப்பி விட்டதற்காகவே எங்கள் ஊரில் ஒருவர் நாயனார் ஆனார். நாகைக் கடற்கரை நுளைப்பாடியில் பரதவர் தலைவர் அதிபத்தர். வலையில் விழுகிற முதல் மீனைச் சிவனுக்கென்று கடலில் விட்டுவிடுவார். பாடு குறைந்து நாளுக்கு ஒரே மீன் விழுந்தபோதும் அதையும் விட்டார். வீட்டில் பட்டினி. கடைசியில் நவமணி பதித்த பொன்மீன் ஒன்று வலையில் வந்தது, அன்றைக்கு அகப்பட்டதும் அது ஒன்றுதான், அதையும் விட்டார். ஆவணி ஆயில்யத்தில் இன்றைக்கும் நாகை மீனவர்கள் அதைக் கடற்கரையில் விழாவாக நடத்துகிறார்கள். சேக்கிழார் அவரைத் தொழிலை விட்டுவிட்டு வரச் சொல்லவில்லை என்பது எனக்கு முக்கியமாகப் படுகிறது. வலை வீசுகிறவனாகவே அவர் அறுபத்து மூவரில் ஒருவர். அவர் விட்டது தனக்கு வேண்டிய மீனை, தன் பசிக்கு உரிய மீனை. நாம் பனிக்கட்டி மேல் உட்கார்ந்து விடுவது நமக்கு வேண்டாத மீனை. முன்னது காணிக்கை. பின்னதற்கு விளையாட்டு என்பதற்கு மேல் மரியாதையான பேர் எனக்குத் தெரியவில்லை.

அப்படியானால் பிடிப்பதையே நிறுத்திவிட வேண்டியதுதானே என்று கேட்கலாம். வள்ளலார் அதைத்தான் சொல்வார். 1867இல் வடலூரில் தருமச்சாலை தொடங்கி, பசித்தவருக்குச் சோறிடுவதையே வழிபாடாக்கியவர் அவர். ஓர் உயிரின் பசிக்கு இன்னோர் உயிரைக் கொன்று கொடுப்பதை அவர் ஏற்கவே மாட்டார். அவர் முன்னால் என் வாதம் நிற்காது. ஆனாலும் கடைக்கு வருகிற மீனும் எங்கோ யாரோ வலையில் மூச்சுத் திணறிய மீன்தான். அதைக் காசு கொடுத்து வாங்கித் தின்கிறவரை, அந்தச் சாவை என் கையால், என் கண் முன்னால் செய்வது பொறுப்பைக் குறைக்கவில்லை என்றாலும் மறைக்காமல் வைக்கிறது. அம்மா செவ்வாய், வெள்ளி வீட்டில் கவுச்சி சேர்க்க மாட்டாள். மற்ற நாட்களில் மீனைக் கழுவும்போது ஒரு துண்டையும் வீணாக்க விட மாட்டாள். அளவு என்கிற பாடத்தை நான் கற்றது அங்கேதான்.

பொறுப்பு மீனோடு நின்றுவிடுவதும் இல்லை. ஈயத் தூண்டிலை விழுங்கி லூன் என்ற நீர்ப்பறவைகள் செத்ததால், நியூ ஹாம்ப்ஷயரில் 28 கிராம் வரையுள்ள ஈயத் தூண்டிலும் ஈயக்குண்டும் 2016 முதல் விற்கவும் கூடாது, பயன்படுத்தவும் கூடாது. டங்ஸ்டன் விலை அதிகம் என்று கடையில் முணுமுணுக்கிறவர்கள், கோடையில் அதே ஏரியில் அந்தப் பறவை கூப்பிடுகிற குரலைக் கேட்டுவிட்டு விலையைப் பற்றிப் பேசட்டும்.

பனிக்கட்டி மேல் போகிற நம்மவர்கள் இப்போது பெருகிவிட்டார்கள். அவர்களிடம் என் வேண்டுகோள் இவ்வளவுதான். துளை போடுமுன் இன்றைக்குக் குழம்புக்கு எத்தனை மீன் வேண்டும் என்று முடிவு செய்துகொள்ளுங்கள். மீனைப் பனிக்கட்டி மேல் துள்ளி விறைக்க விடாதீர்கள். பிடித்த உடனே தலையில் ஓங்கி ஒரே அடி, முடிந்தது. சின்ன மீன்களே வருகின்றன என்றால் அந்த இடத்தை விட்டு நகருங்கள். 30, 40 அடி ஆழத்தில் பிடித்து விடும் விளையாட்டு வேண்டாம். எண்ணிக்கை நிறைந்ததும், சோனாரில் எத்தனை சிவப்புக் கோடு எழும்பி வந்தாலும், நரம்பைச் சுற்றிவிட்டு வீட்டுக்குப் போங்கள்.