குளத்து நீரின் பெறுமதி

இரணைமடுக் குளத்து நீரின் பெறுமதி யாது? பொருளியலார் இதற்கு எளிதில் விடை கூறுவர். விளைந்த நெல்லின் விலையிலிருந்து விதை, பசளை, உழவு, கூலி முதலிய செலவுகளைக் கழித்து, எஞ்சியதைப் பாய்ச்சிய நீரின் அளவால் வகுத்தால் ஓர் ஏக்கர் அடி நீரின் பெறுமதி கிடைத்துவிடுமாம். கணக்கிற் பிழையில்லை. ஆயினும், கூலியைச் செலவென்று கழிக்கும் அக்கணக்கு, அக்கூலியையே சீவனமாகக் கொண்ட காணியற்ற தொழிலாளியை நீரின் பயன் பெறுவோர் வரிசையிலிருந்தும் கழித்துவிடுகிறது.

கனகராயன் ஆற்றை மறித்து இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிற் கட்டப்பட்டுப் பின்னர்ப் பல தடவை உயர்த்தப்பட்ட இக்குளம், ஓர் இலட்சம் ஏக்கர் அடிக்கு மேல் நீர் கொள்வது. மார்கழியில் வான் பாயும்போது அந்நீருக்கு எவரும் ஒரு சதமும் கொடார். 2018 டிசெம்பரில் கிளிநொச்சி மக்கள் அதற்கு அஞ்சி ஓடவும் நேர்ந்தது. அதே நீர் தேங்கி நின்று, ஆனியிற் சிறுபோக நெல் குடலைப் பருவத்தில் வாடும்போது துருசு வழியே வருமாயின், அதுவரை கொட்டிய உழைப்பு முழுவதையும் காக்கிறது. அந்த ஒரு நனைப்புத் தவறினால் முன்னர்ப் பாய்ச்சியதும் வீணே. வாய்க்காலின் கடைசிக் காணிக்காரனைக் கேட்டால் இதனை நம்மிலும் நன்றாகச் சொல்வான். ஆக, நீருக்குப் பெறுமதி தருவது பெரும்பாலும் காலம். மாரியின் நீரைக் கோடைக்குக் கடத்திக் கொடுப்பது அணை. அணையோ பலரது உழைப்பாலும் பொதுப்பணத்தாலும் எழுந்தது. அப்பெறுமதி முழுவதும் குளத்தின் கீழ்க் காணி வாய்த்தவர்க்கே உரியதென்பது எந்த நியாயம்?

நிற்க. இக்குளத்து நீரை யாழ்ப்பாணத்திற்குக் குடிநீராகக் கொண்டுசெல்லும் திட்டம் 2010ஆம் ஆண்டளவில் ஆசிய அபிவிருத்தி வங்கியின் கடனுதவியுடன் உருவானபோது விவசாயிகள் எதிர்த்தனர். பின்னர்க் கடல்நீரை நன்னீராக்கும் வழி நாடப்பட்டு, தாளையடி நிலையம் 2024இல் திறக்கப்பட்டது. குடாநாட்டின் சுண்ணக்கல் நிலத்தடி நீர் நைத்திரேற்றால் மாசடைந்திருக்க, விவசாயிகளைச் சுயநலக்காரர் என ஏசியவர் உளர். நாம் அவ்வாறு கருதவில்லை. குடிநீரே முதன்மையானது, அதில் ஐயமில்லை. ஆனால் வரட்சி ஆண்டிற் குடிப்பவனுக்கு முதற் பங்கென்றால், அந்த நட்டத்தைக் கிளிநொச்சி மட்டும் சுமப்பதா என்பதும் அறவினாவே.

நட்டஈடு கொடுக்கலாம் என்பர். காணிக்காரனுக்குக் கொடுக்கலாம், அவனிடம் உறுதி உண்டு, நீர்ப்பங்கு உண்டு. நாற்றுப் பிடுங்கியும் களை எடுத்தும் அப்போகத்தை நம்பியிருந்தவளின் பெயர் எந்த இடாப்பில் இருக்கிறது?