ஞாயிற்றுக்கிழமையின் வண்டி

ஹைதராபாதின் பாலாநகர், ஜீடிமெட்லா தொழிற்பேட்டைகளில் சனிக்கிழமை மாலை வேலை முடிகிறது. நிறுவனத்தின் பெயர் பொறித்த வண்டிகள் சில கொட்டகையில் நிற்கின்றன. சில, பொறுப்பிலுள்ள ஊழியரின் வீட்டு வாசலுக்கே சென்றுவிடுகின்றன. மறுநாள் விடியற்காலையில் அந்த வண்டியில் கூடாரமும் போர்வைகளும் புளியோதரைப் பாத்திரமும் ஏறுகின்றன. பிள்ளைகள் ஏறுகிறார்கள். ஏறத்தாழ 80 கிலோமீட்டர் தொலைவில் மூசி நதி பிறக்கும் அனந்தகிரிக் காடு. அங்கே ஓர் இரவு தங்கித் திரும்பினால், திங்கட்கிழமை வண்டி வழக்கம்போல் வேலைக்குப் போய்விடும்.

இதில் என்ன தவறு? ‘வண்டி சும்மாதானே நிற்கிறது? டீசலை நானே போட்டுக்கொள்கிறேன். யாருக்கு என்ன நஷ்டம்?’ என்று அந்த ஊழியர் கேட்கக்கூடும். கேள்வியை எளிதில் தள்ளிவிட முடியாது. குடும்பத்தைக் காட்டுக்கு அழைத்துச் செல்ல விரும்புவது பேராசையன்று; ஆறு நாட்கள் உழைத்த ஒரு தந்தையின் நியாயமான ஆசையே.

லால் பகதூர் சாஸ்திரியின் இல்லத்தில் நிகழ்ந்த ஒரு சம்பவத்தை அவருடைய புதல்வர் பின்னாளில் விவரித்திருக்கிறார். சாஸ்திரி பிரதமராக இருந்தபோது, அரசு அவருக்கு அளித்திருந்த இம்பாலா காரை ஒருநாள் மாலை பிள்ளைகள் கேட்காமல் எடுத்துச் சென்று இரவில் திரும்பினர். மறுநாள் சாஸ்திரி பிள்ளைகளைக் கடிந்துகொள்ளவில்லை. ஓட்டுநரை அழைத்து, வண்டி ஓடிய தூரத்தைக் குறிக்கும் ஏடு உண்டா என்று விசாரித்தார். முந்தைய இரவில் 14 கிலோமீட்டர் ஓடியிருந்தது. அதனைச் ‘சொந்த உபயோகம்’ என்று எழுதச் சொல்லி, அதற்குரிய பணத்தை அரசுக் கணக்கில் கட்ட ஏற்பாடு செய்தார்.

அவ்வளவு சிறிய தூரத்திற்கு ஆகும் செலவு எவ்வளவு இருந்துவிடப் போகிறது! தொகை அங்கே பொருட்டேயன்று. அவர் முதலில் தேடியது ஏட்டை. ஏட்டில் எழுதப்படாத ஓட்டம்தான் அவரை உறுத்தியது. அவருக்கெனச் சொந்தக் காரும் எளிதாக அமைந்துவிடவில்லை. 12,000 ரூபாய் விலையுள்ள ஃபியட் காருக்காக வங்கியில் 5,000 ரூபாய் கடன் வாங்கினார். 1966 ஜனவரியில் தாஷ்கண்டில் அவர் காலமான பிறகு, அந்தக் கடனை லலிதா அம்மையார் தமது ஓய்வூதியத்திலிருந்து அடைத்தார்.

1982-இல் ஹைதராபாதின் பாதுகாப்பு ஆராய்ச்சி மற்றும் மேம்பாட்டு ஆய்வுக்கூடத்திற்கு இயக்குநராக வந்து, ஏவுகணைத் திட்டங்களைப் பத்தாண்டுக் காலம் நடத்திய அப்துல் கலாமின் வாழ்விலும் இதற்கு இணையான நிகழ்ச்சி உண்டு. அவர் குடியரசுத் தலைவராக இருந்தபோது, 2006-இல், ஏறக்குறைய 90 வயதான மூத்த சகோதரர் உட்பட ஐம்பதுக்கும் மேற்பட்ட உறவினர்கள் டெல்லிக்கு வந்தனர். அரசுக் கார்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால், அவர்கள் ஊர் சுற்றிப் பார்க்க வாடகைப் பேருந்தே அமர்த்தப்பட்டது. தங்கிய அறைகளுக்கும் உண்ட உணவுக்கும் கணக்குப் பார்த்து, சுமார் மூன்றரை லட்சம் ரூபாயைக் கலாம் தம் சொந்தப் பணத்திலிருந்து செலுத்தினார். அவருடைய செயலாளராக இருந்த பி. எம். நாயர் இதனைப் பதிவு செய்துள்ளார்.

இவர்கள் பெரிய மனிதர்கள், பொதுப்பணத்தின் காவலர்கள்; தனியார் நிறுவனத்தின் வண்டிக்கு இந்த அளவுகோல் பொருந்துமா என்ற ஐயம் எழலாம். நிறுவனமே ‘குடும்பத்திற்கும் பயன்படுத்திக்கொள்’ என்று அனுமதித்திருந்தால் எந்தக் குற்றமும் இல்லை. வருமான வரிச் சட்டமும் அத்தகைய வசதியை ஊதியத்தின் ஒரு பகுதியாகவே கருதுகிறது. அவ்வாறு அளிக்கப்பட்டதை மறுத்து, அதையே ஊரெல்லாம் சொல்லித் திரிவது நேர்மையைவிட அகங்காரத்திற்கு நெருக்கமானது.

சிக்கல், கேட்காமல் எடுப்பதில்தான் தொடங்குகிறது. பதஞ்சலி முனிவர் கூறும் யமங்களுள் சத்தியத்தை அடுத்து நிற்பது அஸ்தேயம், அதாவது பிறர் பொருளைக் கவராமை. இரண்டும் அருகருகே நிற்பது பொருத்தமே. எடுத்தவன் மறைக்க வேண்டியிருக்கிறது. கிலோமீட்டர் கணக்கைச் சரிக்கட்ட, போகாத வாடிக்கையாளரிடம் போனதாக எழுத வேண்டியிருக்கிறது. டீசலைத் தன் பணத்தில் போட்டாலும் டயரின் தேய்மானம் கணக்கில் வராது. சரக்கு வண்டியானால் ஆபத்தும் பெரிது. சரக்கு வண்டியில் கட்டணமின்றி ஏறிச் செல்பவர் விபத்துக்குள்ளானால் இழப்பீடு தரும் பொறுப்பு காப்பீட்டு நிறுவனத்திற்கு இல்லை என்று 2002-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ‘யாருக்கு என்ன நஷ்டம்’ என்ற கேள்விக்குரிய விடையில் தன் பிள்ளைகளும் அடக்கம் என்பதைத் தந்தை எண்ணிப் பார்ப்பதில்லை.

வண்டி முதலாளியின் சொந்தமாகவே இருந்தால்? அப்போதும் கேள்வி தீர்வதில்லை. இடம் மாறுகிறது, அவ்வளவே. காட்டுக்குப் போன டீசலைத் தொழிற்செலவாக எழுதினால், ஏமாற்றப்படுவது தேசம். ஓட்டுநரையும் உடன் அழைத்துச் சென்றால், அவருடைய ஞாயிற்றுக்கிழமையும் சேர்த்து எடுத்துக்கொள்ளப்படுகிறது. அவருக்கும் வீட்டில் பிள்ளைகள் இருக்கிறார்கள். செல்வந்தர் தம் செல்வத்திற்குத் தர்மகர்த்தாவே என்று காந்தியடிகள் கூறியதை, ஆலைக்கும் நிலத்திற்கும் மட்டுமே உரியதாக எண்ணுகிறோம். வண்டிச் சாவிக்கும் அது பொருந்தும்.

அந்த ஊழியர் திங்கட்கிழமை மேலாளரிடம் சென்று நேராகக் கேட்கலாம். அனுமதி கிடைத்தால், ஏட்டில் தூரத்தை எழுதி, உரிய பணத்தைக் கட்டிவிட்டு மகிழ்ச்சியோடு போகலாம். அனுமதி கிடைக்காமலும் போகலாம். கேட்பதில் உள்ள சங்கடமே அதுதான். அப்படியானால் இருக்கவே இருக்கிறது, விகாராபாத் வரை ரயில். அங்கிருந்து காட்டுக்குச் சில கிலோமீட்டர்தான், ஆட்டோவில் போய்விடலாம். கூடாரத்தைத் தோளில் சுமக்க வேண்டியிருக்கும். பிள்ளைகள் அதைப் பற்றிக் கவலைப்படப் போவதில்லை; ஜன்னலோர இடம் யாருக்கு என்பதுதான் அவர்களுடைய வழக்கு.