மறுபடி கேட்கும்போது

1964 மே மாதம் இங்கிலாந்துத் தொலைக்காட்சியில் ‘செவன் அப்’ என்ற ஆவணப்படம் வந்தது. ஏழு வயதுப் பிள்ளைகள் 14 பேரிடம், வளர்ந்து என்ன ஆவீர்கள் என்று கேட்டார்கள். பிறகு ஏழாண்டுக்கு ஒருமுறை இயக்குநர் மைக்கேல் ஆப்டெட் அவர்களைத் தேடிப்போய்க் கேட்டார். 2019இல் வந்த படத்தில் அவர்களுக்கு வயது 63.

அதே 1964 அக்டோபரில், இலங்கைத் தோட்டங்களின் நாடற்ற இந்திய வம்சாவளித் தமிழர் எந்த நாட்டுக் குடிமக்கள் என்று தீர்மானிக்க இலங்கைக்கும் இந்தியாவுக்கும் இடையே சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தானது. 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 150,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று கணக்குப் போட்டார்கள். அந்தக் கணக்குக்குள்ளும் ஏழு வயதுப் பிள்ளைகள் இருந்தார்கள். அவர்களை யாரும் எதுவும் கேட்கவில்லை.

கேகாலை, இரத்தினபுரித் தோட்டங்களுக்கு ஆய்வுக்காகப் போகிறவளுக்கு இது மறக்கக்கூடாத விஷயம். கேட்கப்படாதவர்களைக் கேட்பதே பெரிய காரியம் என்று நானும் நம்பினேன். ஆனால் ஒருதரம் கேட்டுவிட்டு வந்தால் போதாது என்பதை யட்டியாந்தோட்டைப் பக்கத்து லயமொன்றில் ஒரு பெண்பிள்ளை சொல்லித் தந்தாள். சாதாரண தரம் எழுதும் வயதில், “டீச்சராவேன் மிஸ்” என்றவள். அடுத்து நான் பார்த்தபோது கொழும்பில் துணிக்கடை வேலை, தீபாவளிக்கு வந்திருந்தாள். பழைய பதிலை நினைவூட்டினேன். சிரித்தாள். “அப்புடியா சொன்னேன்? என்ன சொன்னா உங்களுக்குப் புடிக்கும்னு பாத்துச் சொல்லியிருப்பேன்.”

முதல் பதில் பொய்யில்லை. மாதச் சம்பளம் வாங்கும் பெண் என்று அந்த வயதில் அவள் கண்ணுக்குத் தெரிந்தவள் டீச்சர்தான். இரண்டாவது பதிலும் முடிந்த முடிவில்லை. இரண்டுக்கும் நடுவில் வீட்டில் என்ன நடந்தது, ரப்பர் மரத்தில் பால்வெட்டும் அப்பாவுக்கு எத்தனை நாள் பெயர் விழுந்தது, அதாவது எத்தனை நாள் வேலை கணக்கில் ஏறியது என்பதெல்லாம் பேச வந்தது மறுபடி போனதால்தான்.

மறுபடி போவதில் ஆபத்தும் உண்டு. அவள் மறந்ததெல்லாம் என் ஒலிப்பதிவில் இருக்கிறது. பதினாறில் அம்மா சம்மதித்தது பதினெட்டில் செல்லாது. அவளிடமே புதிதாகக் கேட்க வேண்டும். பெயரை மாற்றி எழுதினாலும், கொழும்புக் கடைக்குப் போனவள் யாரென்று லயத்துக்கே தெரியும். ஆப்டெட் படமெடுத்த பிள்ளைகளில் ஒருவர் 21 வயதுப் படத்தோடு விலகிக்கொண்டார். அந்த உரிமையை ஒவ்வொரு தடவையும் நாமே வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

ஆய்வாளர்களுக்கு மட்டுமா இது? “டொக்டராவேன்னு சொன்னியே” என்று நம் வீட்டுப் பிள்ளைகளிடமும் பழைய சொல்லைக் கடன்போல வசூலிக்கிறோம். மறுபடி கேட்கலாம், கேட்கத்தான் வேண்டும். போன தடவை சொன்னதற்கு இந்தத் தடவை அவர்கள் பொறுப்புச் சொல்லத் தேவையில்லை என்றால் மட்டும்.