சட்டமும் ஒழுங்கும் பிரிந்த இரவு

1998, மாசி மாதம். ஆரம்பாக்கம் தாண்டினால் ஆந்திரா. அதற்கு முன்பே ஒரு புளியமரத்தடியில் அவர்களைப் பிடித்துவிட்டோம். புருஷன், பெண்டாட்டி, ஒரு கிழவி, இரண்டு பிள்ளைகள். இருளர்கள். செங்குன்றம் பக்கத்தில் ஓர் அரிசி ஆலையில் நெல் அவித்துக் களத்தில் காயப்போடும் வேலை. நாலாயிரம் ரூபாய் அட்வான்ஸ் வாங்கிவிட்டு ராத்திரியோடு ராத்திரியாக ஓடிவிட்டார்கள் என்று முதலாளி சொல்லியிருந்தார். எழுதிக் கொடுத்த புகார் கிடையாது, வாய்வார்த்தைதான். இன்ஸ்பெக்டர் ஜீப்பை எடுக்கச் சொன்னார், எடுத்தோம். நான் அப்போது ஏட்டு.

நிலையத்துக்குக் கொண்டுவந்து மூட்டையைப் பிரிக்கச் சொன்னேன். அலுமினியக் குண்டான் ஒன்று, கிழிந்த போர்வை, எலிவளை தோண்டும் சின்னக் கடப்பாரை. அடியில் ஒரு மஞ்சள் துணி முடிச்சு. திருட்டு நகையாக இருக்கும் என்று நானே அவிழ்த்தேன். ஏழு கூழாங்கல். மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்து, ஒன்றோடொன்று உரசி உரசி வழவழவென்று இருந்தன.

"எங்க கன்னிமாரு சாமி, ஏட்டய்யா. காவலுக்கு எடுத்தாந்தோம்" என்றாள் அந்தப் பெண்.

என் தலைக்கு மேல் சுவரில் காவல் நிலையம் என்று எழுதியிருந்தது. நான் ஒன்றும் சொல்லாமல் முடிச்சைத் திரும்பக் கட்டிக் கொடுத்தேன். விடிவதற்குள் ஆலையிலேயே கொண்டுபோய் விட்டோம். முதலாளி டீ வாங்கிக் கொடுத்தார். களத்தில் ஆவி பறக்க நெல் கொட்டிக் கிடந்தது. அவள் மூட்டையைச் சுவரோரம் வைத்துவிட்டு, நெல் தள்ளும் பலகையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அன்றைக்கு ஊரில் ஒரு சத்தம் இல்லை, சண்டை இல்லை. நிலைய டைரியில் எழுதும்படி எதுவும் நடக்கவில்லை. ஒழுங்கு அப்படியே இருந்தது. சட்டம்தான் அங்கே இல்லை. கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் வந்தது 1976-இல். அப்படிப்பட்ட கடன் செல்லாது, அடைக்க வேண்டியதில்லை என்கிறது அது. வேலை செய்யச் சொல்லிக் கட்டாயப்படுத்துகிறவனுக்கு மூன்று வருஷம் வரை சிறை. அதாவது அந்தப் புளியமரத்தடியில் சட்டம் ஓடிப்போனவர்கள் பக்கம் நின்றது, ஒழுங்கு முதலாளி பக்கம் நின்றது. சட்டம் ஒழுங்கு என்று ஒரே மூச்சில் சொல்லிப் பழகிய வாய் எனக்கு. இரண்டும் தனித்தனி என்று அந்த இரவுக்குப் பல வருஷம் கழித்துத்தான் உறைத்தது. பிரியும்போது நாங்கள் எப்போதும் ஒழுங்கோடுதான் போனோம்.

ஓய்வு பெற்ற பிறகு சிலப்பதிகாரத்தை நிதானமாகப் படித்தேன். பாண்டியன் விசாரிக்காமல் தீர்ப்புச் சொன்னதைப் பற்றி மேடைதோறும் பேசுகிறோம், கண்ணகியைப் பற்றிப் பேசுகிறோம். என்னை உட்காரவைத்த இடம் வேறு. பொற்கொல்லனோடு போன காவலர்கள் கோவலனை நேரில் பார்க்கிறார்கள். பார்த்ததும், இவன் கொல்லப்படத் தக்கவன் அல்லன் என்று அவர்களே சொல்கிறார்கள். அவர்கள் கண் சரியாகத்தான் பார்த்தது. உடனே பொற்கொல்லன் திருடர்களின் தந்திரங்களை அடுக்குகிறான்: மந்திரம், மருந்து, நிமித்தம் என்று. கேட்கக் கேட்க எதிரே நிற்கிற மனிதனின் முகம் மறைந்துபோகிறது. பிறகு அவர்களில் ஒருவன் வாளை வீசுகிறான். மதுரை எரிவதற்கு முன்னால், அரசன் சாவதற்கு முன்னால், இப்படி ஒரு நிமிஷம் இருந்தது. சந்தேகப்பட்ட காவலன் வாயை மூடிக்கொண்ட நிமிஷம் அது.

எங்களுக்கும் அந்தப் பாடத்தைச் சொல்லிக்கொடுத்தார்கள். இன்ன சாதி இப்படித் திருடும், இன்ன ஜனம் ராத்திரியில் நடமாடும் என்று மூத்தவர்கள் சொல்ல நாங்கள் கேட்டுக்கொண்டோம். அது வெள்ளைக்காரன் 1871-இல் போட்ட குற்றப்பரம்பரைச் சட்டத்தின் மிச்சம். 1911-இல் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. பிறந்த குலத்துக்காகக் கைரேகை வைக்கச் சொன்ன சட்டம் அது. 1952-இல் நாடு முழுவதும் ரத்தாகிவிட்டது, ஆனால் பேச்சு ரத்தாகவில்லை. சிறை விதிகளில்கூட அந்த வாசனை இருந்ததை 2024 அக்டோபர் 3 அன்றுதான் உச்ச நீதிமன்றம் அடித்துப்போட்டது, சாதி பார்த்து வேலை பிரிப்பதையும் சேர்த்து.

காவலே வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். சிப்காட்டில் ராத்திரி ஷிப்ட் முடிந்து ரோட்டோரம் தனியாக நடந்து வருகிற பெண்ணுக்கு, தூரத்தில் ரோந்து வண்டி விளக்கு தெரிந்தால் வருகிற தைரியத்தை நான் பார்த்திருக்கிறேன். அது பொய் இல்லை. ஆனால் அதே விளக்கு, உருக்காலையில் வேலை பார்க்கிற ஒடிசாப் பையன் மேல் விழும்போது அவன் ஏன் உடனே சட்டைப்பையில் ஆதாரைத் தேடுகிறான்? 2012 பிப்ரவரியில் வேளச்சேரியில் வாடகை வீட்டில் இருந்த ஐந்து பேரை வங்கிக் கொள்ளையர்கள் என்று சொல்லிப் போலீஸ் சுட்டுக் கொன்ற பிறகு, வாடகைக்கு இருப்பவர்களின் விவரம் தரவேண்டும் என்று சென்னையில் உத்தரவு போட்டார்கள். எங்கள் பக்கமும் லைன் வீடு லைன் வீடாகப் போய் நகல் வாங்கினோம். சம்பளம் ஒழுங்காக வருகிறதா, மெஷினில் விரல் போனவனுக்கு நஷ்டஈடு கிடைத்ததா என்று அந்தத் தாளில் ஒரு கட்டம்கூட இல்லை. எங்கள் பக்கத்தில் இலங்கைத் தமிழர் முகாமும் இருக்கிறது. அங்கே பிறந்து வளர்ந்து கல்யாணமானவர்கள்கூடப் பெயர் கூப்பிட்டால் வந்து நிற்கவேண்டும்.

எல்லாம் மேலிடத்து உத்தரவு. செய்த வினை யாருடையது என்று கேட்டால் எங்கள் ஆட்கள் இதைத்தான் சொல்வார்கள், நானும் சொல்லியிருக்கிறேன். சொன்னவர் ஒருவர், உத்தரவிட்டவர் ஒருவர், வண்டி ஓட்டியவர் ஒருவர், கையைப் பிடித்து ஏற்றியவன் நான் என்று பங்கு பிரித்தால் என் பங்குக்குக் கொஞ்சம்தான் வரும் என்று நினைத்தேன். வினை அப்படிப் பங்கு பிரிவதில்லை. ஐந்து பேர் சேர்ந்து ஒருவனைக் கிணற்றில் தள்ளினால், ஆளுக்கு ஐந்தில் ஒரு பங்கு கொலை என்று கணக்கு உண்டா? ஊர் எல்லையில் அய்யனார் முன்னால் சத்தியம் பண்ணுகிறவன் தன் பெயரைச் சொல்லித்தான் பண்ணுகிறான். அங்கே போய் மேலிடத்து உத்தரவு என்று யாரும் சொல்வதில்லை.

ஓய்வுக்கு முன்னால் ஒருமுறை, வேறொரு ஆலையில் கோட்டாட்சியர் கொத்தடிமைகளை மீட்கப் போனபோது பந்தோபஸ்துக்குப் போனேன். விடுவிப்புச் சான்றிதழுக்கு ரேகை வைக்க மைப்பெட்டியை நான் பிடித்துக்கொண்டு நின்றேன். வரிசையில் வந்த ஒவ்வொரு முகத்தையும் பார்த்தேன். அவர்கள் இல்லை.

மாசி மகத்துக்கு இருளர்கள் மாமல்லபுரம் கடற்கரையில் கூடுவார்கள், கன்னியம்மனுக்கு. ஐந்து வருஷமாக நானும் போகிறேன். வேட்டி சட்டைதான், தலைமுடிகூட வளர்த்திருக்கிறேன். போன மாசியில் ஒரு கூட்டத்துக்குப் பக்கத்தில் நின்று, செங்குன்றம் ஆலையில் இருந்தவர்கள் யாராவது உண்டா என்று கேட்டேன். பேச்சு நின்றுவிட்டது. மணலில் விளையாடிக்கொண்டிருந்த பிள்ளையை ஒரு கிழவி மெதுவாகத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.